ஆடுகளத்தின் குறுக்கே கட்டிய கயிறு

நம் கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தில் புதிதாகச் செயலாளர்களாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

சங்கத்தின் வரலாறும் நோக்கமும் பற்றி எழுதித் தரச் சொன்னீர்கள். வரலாறு வாசல் கல்வெட்டிலேயே இருக்கிறது. நோக்கம் வரவேற்பறைச் சுவரில் இருக்கிறது. உடல், உள்ளம், ஆன்மா என்று ஒவ்வொன்றையும் ஒவ்வொரு நிறத்தில் எழுதி, ஆண்டு விழாவுக்கு ஆண்டு விழா புதுப்பித்துக்கொண்டிருக்கிறோம். அதையே நானும் திருப்பி எழுதினால் உங்களுக்குப் பொழுது வீண், எனக்குக் கைவலி மிச்சம். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுதுகிறேன். வரலாறும் நோக்கமும் அதற்குள்ளேயே வந்துவிடும். வராவிட்டால் கல்வெட்டைப் படித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் நம் மைலாப்பூர்க் கிளையின் அப்போதைய பொதுச் செயலாளர். திருநெல்வேலிப் பக்கம் கிராமத்துச் சபையைக் கவனித்துவந்த உபதேசியார் ஒருவரின் மகன். எல்லோருக்கும் அவர் ஐயாதான். நான் அவருக்குக் கீழே விளையாட்டையும் முகாம்களையும் கவனித்துக்கொண்ட இளைய செயலாளர்.

சங்கம் பிறந்த கதையைச் சொல்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. முகாமின் முதல் நாள் புதியவர்கள் எல்லோரையும் நிற்க வைத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார். எங்கேயோ ஒரு குளிர் நாட்டில், பெரிய ஊரில், துணிக்கடையில் வேலை பார்த்த பையன்கள். கடை திறந்ததிலிருந்து மூடுகிற வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும். தூங்குவது கடை மாடியில், நெருக்கியடித்துக்கொண்டு. அவர்களுக்கென்று இருந்தது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். அவர்களில் சிலர் ஓர் அறையில் கூடி ஜெபித்தார்கள், படித்தார்கள், ஒருவருக்கொருவர் துணையாக இருந்தார்கள். அங்கிருந்து வந்ததுதான் நம் சங்கம். கதையின் நடுவில் எவனாவது கால் மாற்றி நின்றாலும், சுவரில் சாய்ந்தாலும் ஐயா விட மாட்டார். "சாயாதடே. அவங்க நாள் பூரா நின்னாங்கல்லா, நீ கத முடியிற வரைக்கும் நில்லு" என்பார். பையன்கள் சிரித்துக்கொண்டே நிற்பார்கள்.

அவரைப் பற்றி இன்னொன்றும் இப்போதே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருவதைப் படித்துவிட்டுக் கல்நெஞ்சக்காரர் என்று முடிவு கட்டிவிடுவீர்கள். ஒரு வருடம் ஐப்பசி மழை விடாமல் பெய்து, கால்வாய்க் கரைக் குடிசைகளுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. ஐயா கேட்டைத் திறந்துவிடச் சொன்னார். விடுதி நிரம்பியது, உடற்பயிற்சிக் கூடம் நிரம்பியது. மிச்சப் பேரை, வளாகத்தில் ஆராதனை நடக்கும் சிற்றாலயத்துக்குள்ளேயே படுக்க வைத்தார். பெஞ்சுகளை ஓரங்கட்டி, பாய் விரித்து, ஒரு மூலையில் ஸ்டவ்வும் பற்ற வைத்தாயிற்று. மறுநாள் காரில் வந்து இறங்கிய கமிட்டி உறுப்பினர் ஒருவருக்கு முகம் சுண்டிப்போனது.

"என்னங்க இது, ஆலயத்துக்குள்ள அடுப்பா?"

"மழ நின்னா அணைச்சிருவாங்க" என்றார் ஐயா.

அப்படி ஜன்னலோரமாகப் பாய் விரித்துப் படுத்தவர்களில், மந்தைவெளி மார்க்கெட்டில் காய் விற்கும் ஓர் அம்மாவும், பள்ளிக்கூடம் முடிக்கிற வயதிலிருந்த அவர் மகன் ஏழுமலையும் இருந்தார்கள். மழை விட்டதும் அம்மா வீட்டைக் கழுவப் போய்விட்டார். மகன் பின்புறம் இருந்த கூடைப்பந்து ஆடுகளத்தைப் பார்த்துவிட்டான். அதன் பிறகு அவனை அங்கிருந்து கிளப்புவதுதான் எங்களுக்குப் பாடாக இருந்தது.

அப்படியொன்றும் உயரமில்லை அவன். ஆனால் எதிராளி இவன் வலதுபக்கம் போவானா இடதுபக்கம் போவானா என்று யோசித்து முடிப்பதற்குள் வளையத்துக்குக் கீழே நிற்பான். சில ஆண்டுகளில் எங்கள் அணிக்கு உயிரே அவன்தான் என்றாகிவிட்டது. அணித் தலைவன் ரகு, மாடவீதிக்காரன், கணக்குத் தணிக்கை படித்துக்கொண்டிருந்தவன். "ஏழு இருக்கற வரைக்கும் நான் கேப்டன்னு பேருக்கு நின்னுண்டிருந்தா போறும் சார்" என்று அவனே சொல்வான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஏழுமலை மாதிரிப் பையனுக்கு நிரந்தர வேலை என்றால் விளையாட்டுக் கோட்டா ஒன்றுதான் வழி. அணி வைத்திருந்த ஒரு வங்கி அந்த வருடம் ஓர் ஆளை எடுப்பதாக இருந்தது. அடுத்த வருடம் ஏழுமலைக்கு வயது வரம்பு தாண்டிவிடும். வங்கியின் பயிற்சியாளர் ஒரு போட்டியின் அரையிறுதியில் அவனைப் பார்த்துவிட்டு, என்னை டீக்கடைக்கு அழைத்துப் போய்ச் சொன்னார். "ஒரே ஒரு எடம்தான் சார். உங்க பையனா, அந்தப் பக்கத்து டீமோட நெட்டப் பையனான்னு ஃபைனல்ல பாத்து முடிவு பண்ணிடறேன்." இறுதி ஆட்டம் அந்த இரண்டு அணிகளுக்கும்தான். சேதியை நான் ஏழுமலையிடம் சொன்னேன். அவன் அம்மாவிடம் சொன்னான். அம்மா மார்க்கெட் முழுக்கச் சொல்லிவிட்டார்.

இங்கே நம் கிளையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஞாயிறு காலை ஆராதனை நேரத்தில் சங்கத்துப் பிள்ளைகள் பந்தைத் தொடக் கூடாது. சனிக்கிழமை சாயங்காலமே பந்துகளை அறைக்குள் பூட்டிவிட்டு, வாட்ச்மேன் ஆடுகளத்தின் குறுக்கே ஒரு கயிறு கட்டிவிடுவார். ஆராதனை முடிந்துதான் அவிழ்ப்பார். வெளியே நடக்கும் போட்டிகளுக்கும் இதே கட்டுப்பாடுதான். போட்டி நடத்துகிறவர்களுக்கு இது தெரியும் என்பதால் எங்கள் ஆட்டத்தைப் பிற்பகலுக்குத் தள்ளிவிடுவார்கள். தள்ள முடியாவிட்டால் நாங்கள் போக மாட்டோம். எதிரணி ஆடாமலே ஜெயித்துவிடும். அணியில் பெரும்பாலும் இந்துப் பிள்ளைகள்தான். ஒருவனும் முணுமுணுத்ததில்லை. அதுவரை இந்த வழக்கத்தால் போனதெல்லாம் இரண்டு மூன்று தகரக் கோப்பைகள்தானே.

இறுதி ஆட்டம் சனிக்கிழமை சாயங்காலம், கிண்டிப் பக்கம் ஒரு மைதானத்தில். பையன்கள் உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. சிமென்ட் தரையெல்லாம் தண்ணீர். ஓலைப் பந்தலுக்குள் ஒதுங்கி நின்ற எங்களிடம் போட்டி அமைப்பாளர் வந்தார்.

"நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வச்சிருக்கோம். பத்து மணிலேந்து கிரவுண்ட சாயங்கால ரிசப்ஷனுக்குப் பந்தல் போடக் குடுத்தாச்சு சார், தள்ள முடியாது. வர்றீங்களா இல்லையான்னு இன்னிக்கே போன் பண்ணிடுங்க."

வங்கிப் பயிற்சியாளர், காலையில் பார்க்கலாம் என்று குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். எட்டு மணிக்குத்தான் நம் ஆராதனையும். நானும் ரகுவும் ஏழுமலையும் நனைந்தபடியே ஓர் ஆட்டோவில் மைலாப்பூருக்கு வந்தோம்.

ஐயா அலுவலகத்தில் மறுநாள் பிரசங்கத்துக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார். போதகர் ஊரில் இல்லாததால் ஆராதனையை அவர்தான் நடத்த வேண்டும். நான் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"மத்தியானத்துக்குத் தள்ள முடியாதாமா?"

"முடியாதாம் ஐயா."

"அப்ப நாம ஆடல."

"ஐயா, கப்பு போனாப் போகட்டும். இது இவனோட வேலை."

"தெரியும்டே."

"இந்த ஒரு தடவை நான் கூட்டிட்டுப் போறேன். நீங்க கண்டுக்காம இருந்தாப் போதும்."

"நீ ஆராதனைக்கு வராம இருந்தா நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். ஆனா பனியன்ல சங்கத்துப் பேரு இருக்குல்லா. அந்த நேரத்துல அந்தப் பேரு அங்க இருக்கக் கூடாது."

சங்கத்தின் பெயர் இல்லாமல் ஆடப் போட்டி விதி இடம் தராது. அதையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். அப்போது ரகு வாயைத் திறந்தான்.

"சார், நான் ஒண்ணு சொல்லலாமா? எங்காத்துல ஏகாதசின்னா அப்பா முழுப் பட்டினி. தீர்த்தம் கூட வாயில விட்டுக்க மாட்டா. ஆனா என்னைச் சாப்பிடாதேன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. விரதம் அவரோடது சார்."

ஐயாவை யாரும் அப்படி எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாக, எங்களுக்கெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்த தன் கதையையே சொன்னார். வாலிபத்தில் அவர் ஓட்டக்காரர். மாநில அணிக்கு ஆள் எடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். உபதேசியாரான அப்பா போகாதே என்றார், இவர் போகவில்லை. "அதுக்கப்புறம் ஆண்டவர் என்னையக் கைவிடல. இவனையும் கைவிட மாட்டாரு."

முகாம்களில் அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். அன்றைக்கு வேறு ஒன்று தோன்றியது. நாளை காலை இந்தப் பையனைப் போ என்று சொல்லிவிட்டால், அன்று தான் போகாமல் இருந்தது எதற்காக என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். அந்த வயதில் அதைக் கேட்டுக்கொள்ள அவரால் முடியவில்லை. நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன். அவரை வெறுக்க முடியாமல் போனதும் அதனால்தான்.

ஏழுமலை கதவோரமாக நின்றிருந்தான். தலையிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "பரவால்ல வுடுங்க சார். ஐயா சொன்னா சொன்னதுதான்" என்றான். வெளியே வந்ததும் என்னிடம் கேட்டான். "நாளிக்கு ஆராதன எங்க சார், அந்த சின்னக் கோயில்லதானே?" ஆமாம் என்றேன். எதற்குக் கேட்கிறான் என்று விளங்கவில்லை.

மறுநாள் எட்டு மணிக்கு மழை சுத்தமாக விட்டிருந்தது. முதல் கீர்த்தனை பாடிக்கொண்டிருக்கும்போது அவன் உள்ளே வந்தான். சங்கத்துப் பனியன், அரைக்கால் சட்டை. காலணியைக் கோயிலுக்கு வெளியே விடுவது போல வாசலில் விட்டிருந்தான். நேராகப் போய், மழைக்காலத்தில் அம்மாவோடு பாய் விரித்த அதே ஜன்னலோரத்தில் உட்கார்ந்தான். எப்போது எழுந்திருப்பது, எப்போது உட்காருவது என்று தெரியவில்லை. முன்னால் இருந்தவர்களைப் பார்த்துக் கொஞ்சம் தாமதமாகவே எல்லாம் செய்தான்.

ஐயா வேத வாசிப்பின் நடுவில் தலை நிமிர்ந்தபோது அவனைப் பார்த்தார். விட்ட வரி அவருக்குக் கிடைக்கவில்லை. பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டினார். அன்று பிரசங்கத்தைச் சீக்கிரமே முடித்துவிட்டார்.

வெளியே வந்ததும் நான் அவனைப் பிடித்துக்கொண்டேன். கோபத்தில் வந்தானோ, ஐயாவை வெட்கப்படுத்த வந்தானோ என்று எனக்குப் பயம்.

"என்னடா ஏழுமலை?"

"இல்ல சார். இந்த நேரத்துக்கோசரம்தானே ஆட்டத்தையே வாணாம்னாங்க. அப்டி இன்னாதான் இங்க நடக்குதுன்னு பாக்கலாம்னு வந்தேன்."

"பாத்தியா?"

"பாத்தேன் சார். யாருமே வர்ல."

உண்மைதான். நான், ஐயா, ஆர்மோனியம் வாசிப்பவர், ஓய்வு பெற்ற இரண்டு டீச்சரம்மாக்கள், வாசலில் வாட்ச்மேன். வழக்கமாகவே அவ்வளவுதான். கமிட்டி உறுப்பினர்கள் அவரவர் சபைக்குப் போவார்கள். விடுதிப் பையன்களுக்கு ஞாயிறு காலை என்பது போர்வைக்குள். அத்தனை வருடமாக ஊரெல்லாம் சொல்லி, கயிறு கட்டிக் காப்பாற்றிய அந்த ஒரு மணி நேரத்துக்கு ஆளே இல்லை. எங்களுக்கு அது கண்ணில் படவேயில்லை. வெளியிலிருந்து வந்தவனுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது.

வங்கி அந்த நெட்டைப் பையனை எடுத்துக்கொண்டது. அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை, நல்ல ஆட்டக்காரன்தான். ஐயா தனக்கென்று யாரிடமும் போய் நின்றவர் இல்லை. அவர் என்னையும் அழைத்துக்கொண்டு அந்த வங்கியின் அலுவலகத்துக்குப் போனார். நடைபாதையில் போட்டிருந்த நாற்காலியில் அரை நாள் காத்திருந்தோம். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும் என்றோம். அப்படியானால் என்ன செய்ய முடியும் என்றார். திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் ஐயா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

பிறகு, சங்கத்திலேயே ஆடுகளத்தைப் பராமரிக்கிற வேலை தருகிறேன் என்று ஏழுமலைக்குச் சொல்லி அனுப்பினார். கொண்டுபோனவன் நான். அவன் சிரித்துவிட்டான். "வாணாம் சார். சனிக்கெழமையானா அந்தக் கயித்த நானே கட்டிக்கினு இருக்கணும்." அதன் பிறகு அவன் வருவது குறைந்து, ஒரு கட்டத்தில் நின்றேபோனது.

உங்களுக்கும் இந்த வேலையில் இப்படி ஒரு சாயங்காலம் வரும். பதிலை உடனே சொல்ல வேண்டியிருக்கும். யோசிக்க அவகாசம் தர மாட்டார்கள். அப்போது பாரம்பரியம், கொள்கை, சாட்சி என்று பெரிய வார்த்தைகள் நாக்கில் வந்து நிற்கும். எல்லாம் நல்ல வார்த்தைகள்தான். ஆனால் அதற்கு விலை கொடுக்கப் போகிறவன் யார், அவன் எப்போதாவது இதற்குச் சம்மதம் சொன்னானா என்று ஒரு நிமிஷம் கேட்டுப் பாருங்கள். ரகு ஏகாதசியை வைத்துச் சொன்னது அதைத்தான். அன்று அந்த அறையில் இருந்தவர்களில் நம் நோக்கத்தைச் சரியாகச் சொன்னவன் அவன்தான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

சில ஆண்டுகள் போயின. தீபாவளிக்கு முந்தின ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மனைவியின் தங்கை கல்யாணத்துக்குப் புடவை எடுக்கத் தி.நகர் போனோம். தீபாவளிக் கூட்டத்தோடு கல்யாணக் கூட்டமும் சேர்ந்து, தெருவில் கால் வைக்க இடமில்லை. ஒரு பெரிய ஜவுளிக்கடையின் மூன்றாவது மாடியில், மேல் தட்டில் இருந்த புடவையைக் காட்டச் சொன்னாள் என் மனைவி. அந்தப் பக்கம் நின்ற விற்பனையாளர் ஏணியைத் தேடவில்லை. ஓர் எம்பு எம்பி, விரல் நுனியால் புடவையைத் தட்டி எடுத்துக்கொண்டு இறங்கினார். அந்த எம்பலை எனக்குத் தெரியும்.

"ஏழுமலை" என்றேன்.

"வாங்க சார். உக்காருங்க. அண்ணி, நீங்களும் உக்காருங்க." எங்களுக்கு முக்காலி இழுத்துப் போட்டான். அவன் பக்கத்தில் முக்காலி இல்லை. அந்த மாடியில் விற்கிறவர்கள் யாருக்கும் இல்லை.

கல்யாணம் ஆகியிருந்தது. அம்மா இப்போது மார்க்கெட்டுக்குப் போவதில்லை. ஒரு பெண் குழந்தை. புடவைகளை விரித்துக்கொண்டே சொன்னான். ரகு வெளிநாட்டில் இருப்பதை நான் சொன்னேன்.

"ஒரு நாள் ஞாயித்துக்கிழமை கிரவுண்டுப் பக்கம் வாயேன்" என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் சொன்னதுதான்.

"ஞாயித்துக்கெழமதான் சார் இங்க மெயின் யாவாரமே. அன்னிக்கி லீவு கேட்டா வேலைக்கே வராதன்னுடுவாங்க." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஐயா எப்டி கீறாரு சார்? இன்னும் அந்தத் துணிக்கடப் பசங்க கதய சொல்றாரா?"

"சொல்றாரு."

"சூப்பரா சொல்வாரு சார். எங்கள நிக்க வச்சே சொல்வாரு, ஞாபகம் கீதா? அப்ப சிரிச்சிக்கினு நின்னோம். இங்க வந்தப்பறம்தான் அது இன்னா கதன்னே புரிஞ்சுது." கேலியே இல்லாமல் சொன்னான். சொல்லிவிட்டு என் மனைவியிடம் திரும்பி, "இந்த மாம்பழக் கலர் கல்யாணப் பொண்ணுக்கு எடுப்பா இருக்கும் அண்ணி" என்றான். அதையே எடுத்துக்கொண்டோம்.

மறுநாள் ஐயாவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று எனக்குக் குழப்பம். அவர் ஓய்வு பெற அப்போது சில மாதங்களே இருந்தன. ஆனால் ஏழுமலை விசாரித்ததைச் சொல்லாமல் இருப்பதும் சரியாகப் படவில்லை. சொன்னேன். எந்தக் கடை, எந்த மாடி என்றெல்லாம் கேட்டார். கடைசியில் ஒன்று கேட்டார்.

"உக்கார எடம் இருக்கா அவனுக்கு?"

"இல்ல ஐயா. யாருக்குமே இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். பிறகு, "துணிக்கடப் பயலுகளுக்காகத் தொடங்கின சங்கம்டே இது" என்றார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த முகாமில் பழையவர்கள் சொல்லி வைத்திருந்தபடி புதியவர்கள் எழுந்து நின்றார்கள். ஐயா எல்லோரையும் உட்காரச் சொன்னார். தானும் உட்கார்ந்தார். என்னைப் பார்த்து, "நீ சொல்லு" என்றார். என்னால் முடியவில்லை. நேராக முகாம் ஒழுங்குகளைச் சொல்லிவிட்டு இறங்கினேன். நம் கிளையில் அந்தக் கதையை அதன் பிறகு யாரும் சொல்லவில்லை. நீங்கள் வரலாறு கேட்டபோது நான் தயங்கியதற்குக் காரணம் இதுதான்.

அந்த வாரமே சனிக்கிழமை, கயிற்றைக் கட்டப் போன வாட்ச்மேனை ஐயா கூப்பிட்டு, இனிமேல் வேண்டாம் என்றார். கமிட்டியைக் கேட்கவில்லை. ஞாயிறு காலை அவர் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கும்போது பின்பக்கத்தில் பந்து தரையில் மோதும் சத்தம் கேட்டது. அவர் ஒரு கணம் நிறுத்திக் கேட்டார். பிறகு அந்தச் சத்தத்தோடேயே தொடர்ந்தார்.

இன்றைக்கும் ஞாயிறு காலையில் நம் ஆடுகளம் திறந்திருக்கிறது. நீங்கள் விடுதி மாடியிலிருந்து பார்த்திருப்பீர்கள். கால்வாய்க் கரைப் பிள்ளைகள் விடியும்போதே வந்துவிடுகிறார்கள். யாரால் அது திறந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. ஏழுமலைக்காவது சொல்லிவிட்டு வரலாம் என்று நான் ஒருமுறை தி.நகருக்குப் போனேன். அவன் கேட்டுவிட்டு, "நல்லதாப் போச்சு சார்" என்றான். ஒரு வாரம் வந்து பாரேன் என்றேன். அவன் பதில் சொல்வதற்குள் மாடிப்படியில் ஒரு கல்யாணக் கூட்டம் ஏறி வந்தது. அவன் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.